யாரும் பார்க்காத பதினைந்து நிமிடம்

2022 ஜனவரி 8ஆம் தேதி சனிக்கிழமை காலை, விரைவுப் பரிசோதனை நிலையத்திலிருந்து வெளியே வந்தேன். நாடு திரும்பிய ஏழாம் நாள். ‘தொற்று இல்லை’ என்ற குறுஞ்செய்தி கைப்பேசிக்கு வந்தது. இனி நான் எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். திருச்சிக்குப் புறப்படுமுன் ஒரு பரிசோதனை. திருச்சி விமான நிலையத்தில் இறங்கியதும் ஒன்று. எட்டாம் நாள் ஒன்று. சென்னையிலிருந்து கிளம்புமுன் ஒன்று. சாங்கியில் ஒன்று. அதன் பிறகு வீட்டிலும் பரிசோதனை நிலையத்திலுமாக ஆறு. ஆக, விதிப்படி பதினொன்று.

நான் செய்துகொண்டதோ பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டாவது பரிசோதனையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

மாடிப்படி இறங்க ஏழு நாள்

என் அப்பாவின் பெற்றோர் லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்ந்தவர்கள். 2021 மே மாதம், இந்தியாவின் இரண்டாம் அலையில் தாத்தா காலமானார். இறுதிச் சடங்கை நாங்கள் வாட்ஸ்அப் காணொளியில் பார்த்தோம். பாதியில் இணைப்பு அறுந்துபோனது. அப்பா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

நவம்பர் 29ஆம் தேதி முதல் இந்தியாவுடன் தடுப்பூசி போட்டுக்கொண்டோருக்கான பயணத் தடம் தொடங்கும் என்று அறிவிப்பு வந்ததும், அப்பாயியைப் போய்ப் பார்த்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பல்கலைக்கழக விடுமுறையில் இருப்பவர் வீட்டில் நான் ஒருவர்தான். அந்தத் தடம் திறப்பதற்கு மூன்று நாளுக்கு முன்பு, நவம்பர் 26ஆம் தேதி, உலகச் சுகாதார நிறுவனம் புதிய உருமாறிய கிருமிக்கு ‘ஓமிக்ரான்’ என்று பெயர் சூட்டியது. டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த இந்தியாவின் புதிய விதிகளில், ‘ஆபத்து அதிகமுள்ள நாடுகள்’ பட்டியலில் சிங்கப்பூரும் இருந்தது. அங்கிருந்து வருவோர் விமான நிலையத்திலேயே பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. தொற்று இல்லாவிட்டாலும் ஏழு நாள் வீட்டுத் தனிமை. எட்டாம் நாள் மறுபடியும் பரிசோதனை.

ஆகவே, ஈராண்டு கழித்து அப்பாயியைப் பார்க்கப் போன நான் மாடி அறையில் ஏழு நாள் உட்கார்ந்திருந்தேன். அப்பாயி இட்லித் தட்டைப் படியில் வைத்துவிட்டுக் கீழே போய் நின்று, நான் எடுத்துக்கொள்ளும்வரை அண்ணாந்து பார்ப்பார். “சிங்கப்பூர்லேருந்து நாலு மணி நேரத்துல வந்துட்ட. மாடிப்படி எறங்க ஏழு நாளாகுது” என்று மூன்றாம் நாள் சொன்னார்.

அந்த ஏழு நாளில் என்னைக் கண்காணிக்கத் தனியாக ஒருவர் தேவைப்படவில்லை. சுகாதாரப் பணியாளர் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார், அவ்வளவுதான். ஆனால் தெரு முழுக்கத் தெரியும், ‘சிங்கப்பூர்ப் பிள்ளை மாடியில் இருக்கிறது’ என்று. நான் வாசலில் ஒரு கால் வைத்தால் டீக்கடைக்குச் செய்தி போய்விடும். தெருவே எனக்குக் காவல்.

ஜனவரி 2ஆம் தேதி சிங்கப்பூர் திரும்பியதும் நிலைமை தலைகீழ். எங்கள் புளோக்கில் பக்கத்து வீட்டாருக்குக்கூட நான் வெளிநாடு போய் வந்தது தெரியாது. சாங்கியில் பிசிஆர் பரிசோதனை முடிந்து, முடிவு வரும்வரை வீட்டில் தனிமை. அதன் பிறகு நடமாடலாம். ஆனால் டிசம்பர் மாதம் ஓமிக்ரானுக்காகச் சேர்க்கப்பட்ட விதியின்படி, ஏழாம் நாள்வரை தினமும் ஏஆர்டி பரிசோதனை. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பரிசோதனை நிலையத்தில் பணியாளர் முன்னிலையில் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு, நான்கு, ஐந்து, ஆறாம் நாள்களில் வீட்டில் நாமே செய்து, மின்னஞ்சலில் வந்த இணைப்பில் முடிவைப் பதிவிட வேண்டியிருந்தது. தொற்று இல்லை என்று தெரிந்த பிறகே அன்று வெளியே செல்ல முடிந்தது.

பணியாளர் முன்னிலையில் இரண்டு நாள். யாருமே பார்க்காமல் நான்கு நாள்.

நான்காம் நாள்

ஜனவரி 5ஆம் தேதி நான் தாமதமாக எழுந்தேன். தொடக்கநிலை மூன்றில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு வீட்டுக்குச் சென்று துணைப்பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பத்து மணிக்கு வகுப்பு. மணி ஒன்பதரை.

பஞ்சுக்குச்சியை ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் விட்டுப் பேருக்கு இரண்டு சுற்றுச் சுற்றினேன். கரைசலில் முக்கி, சொட்டுகளை விட்டேன். பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கிறது. ஐந்தாம் நிமிடமே ‘சி’ என்ற இடத்தில் கோடு தெரிந்தது. ‘டி’ என்ற இடத்தில் ஒன்றுமில்லை. இணைப்பைத் திறந்து, ‘தொற்று இல்லை’ என்று அழுத்தி அனுப்பிவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பினேன்.

அந்தப் பிள்ளையின் புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோதுதான் மனம் உறுத்தியது. ஐந்து முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு இங்கே தடுப்பூசி போடத் தொடங்கியதே டிசம்பர் 27ஆம் தேதிதான். இந்தப் பிள்ளைக்கு இன்னும் முதல் ஊசிகூடப் போடவில்லை என்று அதன் அம்மா முந்தைய வாரம் சொல்லியிருந்தார். நான் மூன்று நாளுக்கு முன்பு விமானத்தில் நான்கு மணி நேரம் அடைந்துகிடந்தவள். நான் அனுப்பிய ‘தொற்று இல்லை’ என்ற விடை பரிசோதனையின் விடையே அல்ல. அது என் அவசரத்தின் விடை.

மின்தூக்கி வந்தது. நான் ஏறவில்லை. கைப்பேசியில் அந்த அம்மாவை அழைத்து, “ஆன்ட்டி, இன்னைக்கு ஸூம்ல பாடம் வச்சுக்கலாமா? காலையில டெஸ்ட் சரியா செய்யல. மறுபடி செய்யணும்” என்றேன். சில விநாடி அவர் பேசவில்லை. பிறகு, “சொன்னதுக்குத் தேங்க்ஸ் மா” என்றார்.

வீட்டுக்கு வந்து, கை கழுவி, மூக்கைச் சிந்தி, இரண்டு துவாரங்களிலும் முறைப்படி எடுத்து, பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அதுதான் பன்னிரண்டாவது பரிசோதனை. தொற்று இல்லை.

கதை சுபமாக முடிந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பொய்யான ஒரு தகவலை அரசாங்கத்தின் பதிவேட்டில் சேர்ப்பது எனக்கு எவ்வளவு எளிதாக இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். நான் விதிகளை மீறும் ஆள் இல்லை. திட்டமிட்டு ஏமாற்றவும் இல்லை. எனக்கு அரை மணி நேரம் குறைவாக இருந்தது, அவ்வளவே.

தீவு, படக்கருவி, இணைப்பு

தனிமைப்படுத்துதல் புதிய வழக்கமன்று. 1377இல் அட்ரியாட்டிக் கடலோர நகரமான ரகுசா, கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வருவோர் 30 நாள் ஒதுங்கியிருந்த பிறகே ஊருக்குள் நுழையலாம் என்று விதித்தது. பிற்பாடு அது 40 நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் ‘குவாரன்ட்டா’ என்ற சொல்லிலிருந்துதான் ‘குவாரன்டீன்’ என்ற ஆங்கிலச் சொல் பிறந்தது.

சிங்கப்பூரில் 1873ஆம் ஆண்டின் காலரா பரவலுக்குப் பிறகு, 1874இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் அமைக்கப்பட்டது. சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்த தொழிலாளர்கள் பல்லாண்டு காலம் அந்தத் தீவைக் கடந்தே நகருக்குள் வந்தார்கள். பினாங்கிற்கு வந்தவர்களுக்கு ஜெரெஜாக் தீவு. நம்மில் பலரின் கொள்ளுத்தாத்தாக்கள் இந்த மண்ணில் முதலில் பார்த்தது ஊரை அல்ல, ஒரு தீவை. அங்கே கடல்தான் காவல். தப்பிக்க வழியில்லை என்பதால் யாரையும் நம்ப வேண்டிய தேவையும் இல்லை.

2003இல் சார்ஸ் வந்தது. சிங்கப்பூரில் 238 பேரைத் தொற்றி, 33 உயிர்களைப் பறித்தது. அப்போது தனிமை வீட்டுக்குள் வந்தது, காவலும் கூடவே வந்தது. உத்தரவு பெற்றவர்களின் வீடுகளில் படக்கருவி பொருத்தப்பட்டது. தொலைபேசி மணி அடித்தால் அதன் முன்னால் வந்து நிற்க வேண்டும். உத்தரவை மீறியவர்களுக்கு மின்னணுப் பட்டை மாட்டப்பட்டது.

2020இல் கொவிட்-19 வந்தபோது, நாடு திரும்பியோருக்கு 14 நாள் இல்லத் தனிமை உத்தரவு. மீறினால் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் 10,000 வெள்ளிவரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். உத்தரவு இருக்கும்போதே ‘பக் குட் தே’ சாப்பிட உணவங்காடி நிலையத்துக்குப் போன ஆடவருக்கு அந்த ஆண்டு ஏப்ரலில் ஆறு வாரச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆகஸ்ட் 11 முதல், ஹோட்டலில் அல்லாமல் சொந்த வீட்டில் தனிமையில் இருப்போருக்கு மின்னணுக் கண்காணிப்புச் சாதனமும் கட்டாயமானது.

2022 ஜனவரியில் நான் செய்தது இந்த வரிசையில் அடுத்த படி. தீவு இல்லை, படக்கருவி இல்லை, கைப்பட்டை இல்லை. ஒரு பெட்டி, ஒரு பஞ்சுக்குச்சி, ஓர் இணைய இணைப்பு. காவலர் வேலை என் கைக்கு மாறிவிட்டது.

இந்த மாற்றத்துக்குக் காரணம் அரசாங்கத்தின் தாராள மனப்பான்மை மட்டுமல்ல. 14 நாள் அடைத்து வைப்பதற்கு ஹோட்டல் அறைகளும் ஆள்பலமும் பெரும் பணமும் வேண்டும். குடும்பங்களைப் பிரித்து வைப்பதன் விலையோ கணக்கில் வராதது. சுகாதார அறிவியல் ஆணையம் 2021 ஜூன் 10ஆம் தேதி நான்கு சுயபரிசோதனைக் கருவிகளுக்கு இடைக்கால அனுமதி வழங்கியது. ஜூன் 16 முதல் அவை மருந்துக் கடைகளில் கிடைத்தன. பிறகு நம் எல்லார் வீட்டு அஞ்சல் பெட்டிக்கும் இலவசமாக வந்தன. அந்தச் சிறு பெட்டி கிடைத்த பிறகுதான் ‘வாருங்கள், ஆனால் தினமும் சோதித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் வாய்ப்பு உருவானது. நான் அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தது அதனால்தான்.

ஒரு கணக்கு

“வீட்டில் செய்யும் பரிசோதனையை நம்பலாமா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணிதப் பாடத்தில் நிகழ்தகவு படித்தவர்களுக்கு இது எளிது.

உடலில் கிருமியின் அளவு அதிகமாக உள்ளவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினரை ஏஆர்டி கண்டுபிடிக்கும் என்றும், தொற்று இல்லாதவர்களில் 97 முதல் 100 விழுக்காட்டினருக்கு ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும் என்றும் ஆணையம் குறிப்பிட்டது. நாம் 80, 99 என்று எடுத்துக்கொள்வோம். 10,000 பயணிகள் வருகிறார்கள், அவர்களில் 100 பேருக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக மட்டுமே.

அந்த 100 பேரில் 80 பேருக்கு இரண்டு கோடு வரும். 20 பேர் தப்பிவிடுவார்கள். தொற்று இல்லாத 9,900 பேரில் ஒரு விழுக்காடு, அதாவது 99 பேருக்குத் தவறாக இரண்டு கோடு வரும். மொத்தம் 179 பேருக்கு இரண்டு கோடு. அவர்களில் உண்மையில் தொற்று உள்ளவர்கள் 80 பேர், அதாவது பாதிக்கும் குறைவு. இரண்டு கோடு வந்த பயணியைப் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பியது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

ஒரு கோடு வந்தவர்கள் 9,821 பேர். அவர்களுக்குள் தொற்றுடன் இருப்பவர்கள் 20 பேர்தான். ஆயிரத்துக்கு இரண்டு. ஆறுதலான எண்தான். ஆனால் அந்த இருபது பேரும் தங்களுக்குத் தொற்று இல்லை என்ற நம்பிக்கையோடு பேருந்தில் ஏறுவார்கள். அதனால்தான் ஒரே நாளோடு நிறுத்தாமல் ஏழு நாள் சோதித்தோம். தொற்றிய முதல் ஓரிரு நாளில் கிருமி குறைவாக இருக்கும், கோடு வராது. நாளாக ஆகப் பெருகும், கோடு வரும். இன்று வந்த ஒற்றைக் கோடு இன்றைக்கு மட்டுமே பேசுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது. பரிசோதனையைச் சரியாகச் செய்திருக்கிறோம் என்பதே அந்த அனுமானம். என் நான்காம் நாள் காலையை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? அரைகுறையாகச் செய்துவிட்டு முறையாகச் செய்ததாகப் பதிவிடும் ஒவ்வொருவரும் அந்த 80ஐக் குறைக்கிறார்கள். எவ்வளவு குறைக்கிறார்கள் என்று யாராலும் அளக்க முடியாது. ஏனென்றால், பதிவேட்டில் அவர்களும் ஒழுங்கானவர்களாகத்தான் தெரிவார்கள்.

பெட்டியைத் திறக்க ஒன்றரை மணி நேரம்

எனக்கு இடறலாக இருந்தது அரை மணி நேரம். சிலருக்கு அது வீட்டு வாடகையாக இருக்கிறது.

ஈப்போவைச் சேர்ந்த என் நண்பர் ஒருவர் இங்கே ஒரு கடையில் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார். மலேசியாவுடனான விமானப் பயணத் தடமும் நவம்பர் 29ஆம் தேதிதான் திறந்தது. ஏறத்தாழ ஈராண்டு கழித்து அம்மாவைப் பார்த்துவிட்டு, நான் வந்த அதே வாரத்தில் அவரும் திரும்பினார். ஐந்தாம் நாள் காலை அவருக்குத் தொண்டை கரகரத்தது. வேலைக்குப் போகுமுன் பரிசோதிக்க வேண்டும்.

“பெட்டி மேசைமேல இருந்துச்சு. ஒன்றரை மணி நேரம் அதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்” என்று பிறகு என்னிடம் சொன்னார். “டெஸ்ட் செய்யாத வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்லைதானே?”

அவர் கணக்கு வேறு. தொற்று உறுதியானால் அப்போது பத்து நாள் வேலைக்குப் போக முடியாது. போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில், ஓர் அறையை இன்னொருவருடன் பகிர்ந்துகொள்கிறார். தனக்கு என்றால் அறைத் தோழருக்கும் சிக்கல். கடையில் அடுத்த மாத வேலை அட்டவணையில் தன் பெயர் இருக்குமா என்பதும் சந்தேகம். கடைசியில் அவர் சோதித்தார். தொற்று இல்லை, வெறும் சளி. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது.

எனக்குத் தனி அறை இருக்கிறது. இரண்டு கோடு வந்திருந்தால் அம்மா ரசம் வைத்துக் கதவருகே வைத்திருப்பார். விரிவுரைகளை இணையத்தில் பார்த்திருப்பேன். உண்மையைச் சொல்வதற்கு நான் கொடுக்கும் விலை ஒரு வாரச் சலிப்பு. என் நண்பர் கொடுக்கும் விலை ஒரு மாத வாடகை. இருவருக்கும் ஒரே பெட்டி, ஒரே இணைப்பு, ஒரே விதி. ஆனால் இருவருக்கும் அது ஒரே பரிசோதனை இல்லை.

தங்கும் விடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். நம் மொழி பேசும் பலர் அங்கே இருக்கிறார்கள். 2020 ஏப்ரலிலிருந்து அவர்களின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. வெளியே வருவதற்குப் பரிசோதனை முடிவு வேண்டியிருந்தது. ஓர் அறையில் பலர் உறங்கும் இடத்தில், ஒருவரின் இரண்டு கோடு அறை முழுவதையும் பாதிக்கும். அந்தச் சூழலில் உண்மையைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பது தனி அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எளிதில் புரியாது.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. சார்ஸ் காலத்திலேயே, வீட்டுத் தனிமையால் வருமானம் இழந்த சுயதொழில் செய்வோருக்கு நாளுக்கு 70 வெள்ளி கொடுத்தது சிங்கப்பூர். கொவிட்-19 காலத்தில், தனிமைப்படுத்தல் உத்தரவு பெற்ற குடிமக்களும் நிரந்தரவாசிகளுமான சுயதொழில் செய்வோருக்கு அது நாளுக்கு 100 வெள்ளியானது. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 28 முதல், வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாத குறைந்த வருமானக்காரர்கள் தனிமையில் இருக்க நேர்ந்தால் 500 பவுண்டு வழங்கப்பட்டது. இவை கருணைத் தொகை மட்டுமல்ல. மக்கள் உண்மையைச் சொல்வதற்கு ஏற்படும் செலவைச் சமூகம் பகிர்ந்துகொள்கிறது.

ஆனால் இத்தகைய உதவிகள் பெரும்பாலும் அதிகாரபூர்வ உத்தரவு பெற்றவர்களுக்கே கிடைத்தன. வீட்டில் தானாகச் சோதித்து, தானாக ஒதுங்கியிருக்கும் மணிக்கணக்குத் தொழிலாளிக்கு, பகுதிநேர வேலை பார்க்கும் மாணவருக்கு, அவை எட்டுவது கடினமாக இருந்தது. பரிசோதனையைத் தனிமனிதர் கையில் கொடுக்கும்போது, அதன் விளைவுக்கான செலவையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டால், பெட்டி மேசைமேல் திறக்கப்படாமலே கிடக்கும்.

எல்லையில் மட்டும் போதுமா?

இன்னொரு கேள்வியும் நியாயமானது. ஓமிக்ரான் ஏற்கெனவே நம் நடுவில் இருந்தபோது பயணிகளை மட்டும் ஏன் இப்படிச் சோதிக்க வேண்டியிருந்தது? டிசம்பர் 2ஆம் தேதி, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து முந்தைய நாள் வந்த இருவருக்கு ஓமிக்ரான் இருப்பது முதற்கட்டச் சோதனையில் தெரியவந்தது. ஒரே வாரத்தில், டிசம்பர் 9ஆம் தேதி, சாங்கி விமான நிலையத்தில் பயணிகள் சேவைப் பணியில் இருந்த ஒருவருக்கு முதற்கட்டச் சோதனையில் தெரிந்தது. எல்லையில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கிருமி உள்ளே வந்துவிடும் என்பதைத்தான் இது காட்டுகிறது.

எல்லைப் பரிசோதனை மதில் அன்று. அது நமக்குச் சில வாரங்களை வாங்கித் தருகிறது. அந்த வாரங்களில் முதியோருக்குக் கூடுதல் தடுப்பூசி போடலாம், பிள்ளைகளுக்கு முதல் ஊசி போடலாம், மருத்துவமனைகள் தயாராகலாம். டிசம்பர் 23 முதல் ஜனவரி 20 வரை பயணத் தடத்தின் புதிய பயணச்சீட்டு விற்பனையை நிறுத்தியதும் அந்த நோக்கத்தில்தான். அவகாசம் முடிந்ததும் பயணிக்கு மட்டுமான விதிகள் பொருளிழக்கும். 

அப்போது எஞ்சியிருப்பது என்ன? நம் இழுப்பறையில் இருக்கும் அந்தப் பெட்டி. எந்த உத்தரவும் இல்லாத ஒரு நாளில், தொண்டை கரகரக்கும்போது, பாட்டியைப் பார்க்கப் போகுமுன் அதை எடுக்கிறோமா என்பதுதான் இனி கேள்வி.

எடுப்பவர்களுக்குச் சில சிறு குறிப்புகள். பெட்டியின் காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். மூக்கைச் சிந்தி, கை கழுவிவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு துவாரங்களிலும் எடுங்கள். எத்தனை சுற்று, எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்பது கருவிக்குக் கருவி மாறும், ஆகவே தாளைப் படியுங்கள். ‘சி’ கோடு வராவிட்டால் அந்தப் பரிசோதனை செல்லாது. ‘டி’ கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான். நேரம் கடந்து பார்க்காதீர்கள், நேரத்துக்கு முன்பும் பார்க்காதீர்கள். கடைசிக் குறிப்பை அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்னொன்று. வகுப்பில் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தால், “எங்கே போய் வாங்கி வந்தே?” என்று கேலி செய்யாதீர்கள். அடுத்தவர் வாயை அது அடைத்துவிடும். குழுவாகச் செய்யும் ஒப்படைப்பில் அவர் பங்கை ஒரு வாரம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் பகுதிநேர மேற்பார்வையாளராக இருப்பவர்கள், நோயுற்று விடுப்பு எடுத்தவரின் பெயரை அடுத்த அட்டவணையிலிருந்து நீக்காதீர்கள். பெரிய கொள்கைகளை நாம் வகுப்பதில்லை. ஆனால் நம்மைச் சுற்றி உள்ளவர்கள் உண்மையைச் சொன்னால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதில் நமக்கும் பங்கு உண்டு.

பொங்கலன்று

அந்த ஆண்டு பொங்கல் ஒரு வெள்ளிக்கிழமை. 81 வயது அம்மாச்சி பெரியம்மா வீட்டில் இருக்கிறார். ஒரு நாளில் ஐந்து விருந்தினர் என்பது அப்போதைய வரம்பு. நாங்கள் நால்வர், மாமா மகன் ஒருவன், சரியாக ஐந்து பேர். ‘கிளம்புமுன் எல்லாரும் டெஸ்ட் செய்யுங்கள்’ என்று பெரியம்மா குடும்பக் குழுவில் போட்டிருந்தார். சட்டம் கேட்கவில்லை, பெரியம்மா கேட்டார்.

காலை எட்டரை மணிக்கு மாமா மகன் ஒரு படம் அனுப்பினான். இரண்டு கோடு. அவன் பலதுறைத் தொழிற்கல்லூரி முதலாண்டு மாணவன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அவன் சொல்லாமல் வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

குழுவில் யாரும் அவனைத் திட்டவில்லை. “72 மணி நேரம் அறையிலேயே இரு, அப்புறம் திரும்பச் செய்து பார்” என்று அப்பா எழுதினார். பெரியம்மா ஒரு தூக்குச்சட்டியில் பொங்கலும் வடையும் போட்டு, என்னிடம் கொடுத்தனுப்பினார். மாமா வீட்டு வாசல் கதவின் கம்பியில் அதை மாட்டிவிட்டு, மணியை அடித்துவிட்டு, நடைபாதையில் சற்றுத் தள்ளி நின்றேன். மாமா வந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சன்னல் வழியாக அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

மாடிப்படியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்த அப்பாயி அப்போது நினைவுக்கு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அவருக்குத்தான் முதலில் அழைத்தேன்.